ஒற்று மிகும் இடம்

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
தொட்டித் தண்ணீருக்கு மருந்து கலப்பவள் நான்.
முகமூடி மாட்டாமல் அந்த அறைக்குள் நுழைந்தால்
அரைநாள் சம்பளம் பிடிப்பார்கள்.
மஞ்சள்பச்சையாய் ஆவி எழும்.
வீடு வந்து குளித்த பின்னும்
அந்தக் கூர்மையான வாடை மூக்கில் நிற்கும்.

அதே வாடை
சின்னப்பாலத்தில், மரியபிரகாசி வீட்டு அடுக்களையில்.
தம்ளரில் வெளிர்மஞ்சளாய் ஏதோ.
"உயிர்க்காத்துச் சொட்டு மதினி.
ராம்நாட்டு லாட்ஜ் ஹால்ல கூட்டம் போட்டாங்க.
மூட்டுவலி, சக்கரை, கேன்சர், எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான்.
வெறும் உப்புல இருந்து எடுத்த ஆக்ஸிஜன்."

உப்பைப் பற்றி அவளுக்கு நான் என்ன சொல்ல?
விரலில் துணி சுற்றிக்கொண்டு
முயல்தீவு ஓரம் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குகிறவள்.
உப்பு அவள் இமையில் காய்கிறது.

ஆனாலும் கரண்டு பில்லைத் திருப்பிப்போட்டு எழுதினேன்:
சோடியம் குளோரைடு. இது குழம்புக்கு.
சோடியம் குளோரைட்டு. இது உன் பாட்டிலில்.
ஒரேயொரு ட் கூடுதல்.
ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று
பள்ளியில் அடி வாங்கியது இதற்குத்தானோ.
அந்தப் புள்ளியெழுத்துக்குள்
இரண்டு ஆக்ஸிஜன் ஏறி உட்கார்ந்திருக்கிறது, பிரகாசி.
புளிப்பு பட்டால் வேறொன்றாய்க் கிளம்பும்,
ஜோடி சேராத ஓர் எலக்ட்ரானோடு.
எதைத் தொட்டாலும் அதிலிருந்து பிடுங்கும்.
கிருமி எது, குடல் எது என்று பார்க்காது.
தொட்டிக்கு அதுதான் வேண்டும்.
உனக்கு?

"குடிதண்ணியிலயும் போடுறாங்களாமே?"
போடுகிறார்கள்.
ஊர்த்தொட்டி முழுக்கத் தேடினாலும் நாக்குக்குத் தெரியாத அளவு.
தண்ணீரைக் கழுவ. உன்னைக் கழுவ அல்ல.

"வாந்தி வந்தா விஷம் இறங்குதுன்னு அர்த்தமாம்."
பேதியானாலும் அதே அர்த்தம்.
எதை எழுதினாலும் பாஸ் போடும் பரீட்சை.
நாலாம் நாள் போனில் ஒரு படம் அனுப்பினாள்:
'பூச்சி வெளியேறிடுச்சு.'
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பூச்சி இல்லை.
உரிந்த குடலின் சவ்வு.

பதினோராம் நாள்
நாவல்பழம் தின்ற உதடு.
பாம்பன் பாலத்தில் ஆம்புலன்ஸ் போகும்போது
கீழே அவளுடைய கடல் இருந்தது, அவள் பார்க்கவில்லை.
ஊசியில் ஏறிய ரத்தம் கடுங்காப்பி நிறம்.
வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்து
டாக்டர் காத்திருந்தார்.
காற்று பட்டும் சிவக்கவில்லை.
ரத்தத்தின் இரும்பு ஒரு படி மாறிவிட்டது என்றார்.
கரையில் கிடக்கும் நங்கூரம் என் நினைவுக்கு வந்தது.
ஆக்ஸிஜன் என்று குடித்தாள்;
ஆக்ஸிஜன் சுமக்கும் கூலியாளையே அது முடக்கிப்போட்டது.

ஒரே மூச்சில்
ஐம்பது எண்ணும்வரை அடியில் இருப்பாள்.
கட்டிலில், முகமூடிக்குள்,
நாலைத் தாண்டவில்லை.

நரம்பில் நீல மருந்து ஏற்றினார்கள்.
மறுநாள் மூத்திரம் பச்சையாய்ப் போகிறதென்று
முதலில் பயந்தாள், பிறகு வெட்கப்பட்டாள்,
பிறகு, கடவுளே, சிரித்தாள்.

அதே ஹாலில் அதே பாட்டில் வாங்கிய
தொண்டிக்காரர் ஒருவர்
வாரம் இரண்டு தடவை மதுரைக்கு டயாலிசிஸ் போகிறார்.
கூட்டம் போட்டவரின் நம்பர்
இப்போது வேறு யாருக்கோ அடிக்கிறது.

மிச்சப் பாட்டிலை எங்கே ஊற்றுவது?
கடலில் என்றால் பாசி.
மண்ணில் என்றால் ஊற்று.
பையில் சுற்றி என் கம்பெனிக்கே கொண்டுபோனேன்,
அதற்கென்று இருக்கிற அறைக்கு.

திரும்பி வந்தபோது வாசலில் உட்கார்ந்து
முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
"எல்லாம் சரி மதினி,
வலிக்கு என்ன செய்ய?"

எழுதிக் காட்ட என்னிடம் பில் இருந்தது, பேனா இருந்தது.

கொடியில் விரல்துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.
அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள்.